இரண்டாம் முறை கேட்டால்

மனித மூளையை அளக்க ஒரு வழி இல்லாமலே மனிதகுலம் இத்தனை காலம் எப்படித்தான் குப்பை கொட்டியதோ தெரியவில்லை. சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் எந்தத் தேர்வும் எழுதாமல் தன் பாட்டுக்குக் கண்டுபிடித்துவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு நிஜமாகவே அறிவு இருந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. நல்லவேளையாக அந்த இருண்ட காலம் ஒழிந்தது. இப்போது மழலையர் பள்ளிகளிலேயே அறிவை அளந்துவிட்டுத்தான் குழந்தையை உள்ளே விடுகிறார்கள்.

அப்படிப்பட்ட ஒரு பள்ளியின் மாடி அறையில், மின்விசிறி தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் துணை மேலாளர், குழந்தைகள் உட்காரும் நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய நாலு வயது மகள் குட்டி. சேர்த்தால் இந்தப் பள்ளியில்தான் என்று வீட்டம்மா தீர்மானித்துவிட்டார். "சீட்டோட வந்தா சீக்கிரம் வாங்க. இல்லைன்னா சாவகாசமா வாங்க" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்.

எதிரே 'அறிவளவை நிபுணர்'. கழுத்தில் அடையாள அட்டை, மடியில் மதிப்பீட்டுத் தாள். ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடி டம்ளர்களில் நீல நிறத் தண்ணீரைச் சமமாக ஊற்றினார். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரை மட்டும் ஒல்லியான, உயரமான குடுவைக்கு மாற்றினார். அரசாங்க கஜானாவை இடம் மாற்றுகிறவர்கள்கூட அவ்வளவு கவனமாக இருக்க மாட்டார்கள்.

"இப்ப சொல்லு பாப்பா. எதுல தண்ணி அதிகம்?"

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள் குட்டி. "ஜூஸ் குடுத்தா எங்க அண்ணன் ஒசரமான டம்ளரைப் புடுங்கிப்பான். எனக்கு ஒண்ணும் கொறையாது. அவன் ஒரு லூசு."

துணை மேலாளருக்கு உச்சி குளிர்ந்தது.

நிபுணர் அசரவில்லை. எந்தக் கேள்வியையும் இரண்டு முறை கேட்க வேண்டும் என்பது விதிமுறை. "நல்லா யோசிச்சு சொல்லு. எதுல அதிகம்?"

குட்டி தண்ணீரைப் பார்க்கவில்லை. நிபுணரின் முகத்தைப் பார்த்தாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "ஒசரமானதுல" என்றாள்.

அடுத்து பொத்தான்கள். இரண்டு வரிசையிலும் சமமாக அடுக்கி, ஒரு வரிசையை மட்டும் இடைவெளி விட்டு நீட்டினார் நிபுணர். ரெண்டும் ஒண்ணுதான் என்றாள் குட்டி. "அப்படியா?" என்று கேட்டார். "இல்ல, நீளமானதுல அதிகம்" என்றாள்.

நிபுணர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். "அளவு மாறாமை பற்றிய அறிவு... இன்னும் முளைக்கலை."

துணை மேலாளர் மகள் பக்கம் திரும்பினார். வீட்டம்மாவின் முகம் கண்ணுக்குள் வந்து போனது. "ஏம்மா மாத்திச் சொன்ன? மொதல்ல சரியாத்தான சொன்ன?"

"அவங்க ரெண்டாவது வாட்டி கேட்டாங்கல்ல? அப்படிக் கேட்டா மாத்திச் சொல்லணும். நீயும் அப்படித்தான பண்ணுவ?"

"நானா?"

"போன்ல. புது ஃபேன் கடகடன்னு சத்தம் போடுது சார்னு சொன்ன. அப்புறம், சத்தமே இல்ல சார், தாலாட்டு மாதிரி இருக்கு சார்னு சொன்ன."

இரண்டுக்கும் நடுவே போனின் மறுமுனையில் அவருடைய மேலாளர் கேட்டது ஒரே வார்த்தைதான்: "அப்படியா?" அந்தத் தாலாட்டு இப்போது கடைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. விவரம் தெரியாதவர்கள் இதைப் பயம் என்பார்கள். அலுவலகங்களில் இதற்குப் 'பக்குவம்' என்று பெயர். துணை மேலாளருக்கு அது கைகூடப் பாதி ஆயுள் ஆனது. மகளுக்கோ பால்பல் விழுமுன்பே வாய்த்துவிட்டது. பெருமைப்பட வேண்டிய அந்த நேரத்தில், ஏனோ அவருக்கு வெட்கமாக இருந்தது.

அப்போது பள்ளி முதல்வர் உள்ளே வந்தார். எதையும் இரண்டு முறை கேட்பது அந்த அம்மாவின் வழக்கம். அப்படிக் கேட்டதால் முதல்வர் ஆனாரா, முதல்வர் ஆனதால் அப்படிக் கேட்கிறாரா என்பது ஆய்வுக்குரியது.

"பாப்பா எப்படி?"

"தேறலை மேடம்" என்றார் நிபுணர்.

"தேறலையா?"

நிபுணர் பேனாவை மூடினார், திறந்தார். "தேறலைன்னு சொல்லிட முடியாது மேடம். தேறிடுச்சுன்னே சொல்லலாம்."

"தேறிடுச்சா?"

"அதாவது, ஒரேயடியா தேறிடுச்சுன்னும்..."

துணை மேலாளர் சட்டென்று எழுந்தார். நாற்காலியும் அவரோடு சேர்ந்து எழுந்தது. "தேறிடுச்சுன்னு சொல்லிட்டாங்க மேடம், என் காதால கேட்டேன். ரொம்ப நன்றி" என்று குறுக்கே விழுந்தார்.

முதல்வருக்கு அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதால் அந்த விடையே நிலைத்தது. நாற்காலியைக் கழற்ற நிபுணர் ஒரு கை கொடுத்தார். குட்டிக்கு சீட் கிடைத்தது, விஞ்ஞானம் வென்றது.

கேட்டருகே வந்ததும் குட்டி அப்பாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அப்பா, நிஜமா சொல்லு. தண்ணி ரெண்டுலயும் ஒண்ணுதான?"

"ஒண்ணுதான்மா."

"நிச்சயமா?"

துணை மேலாளர் வாயைத் திறந்தார். மாடியைப் பார்த்தார். முதல்வர் அறையின் சன்னல் திறந்தே இருந்தது.

"இப்பதான சீட் குடுத்திருக்காங்க" என்றார் தணிந்த குரலில். "அவங்க சொல்றபடியே வெச்சுக்கலாம்மா."

குட்டி இடது கையை விரித்து, வலது கை விரலால் அதில் கவனமாக என்னவோ எழுதினாள்.

"இன்னும் முளைக்கலை" என்றாள்.