காளையைக் கூப்பிட்ட மூன்றடி பைப்

"வம்பனப் புடிச்சுக் கட்டுற வரைக்கும் இந்தத் தாடிய எடுக்க மாட்டேன். இது சத்தியம்!" அடுப்படி வாசலில் நின்று இப்படி அறிவித்தேன்.

என் மனைவி திலகவதி தோசையைத் திருப்பிப் போட்டாள். "எப்ப எடுத்தீங்க, இப்ப நிறுத்துறதுக்கு?"

வம்பன் எங்கள் ஜல்லிக்கட்டுக் காளை. வாடிவாசலை விட்டு அவன் வருவதைப் பார்க்க வேண்டுமே, அடேயப்பா! மாடு பிடிக்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு அப்போதுதான் வீட்டில் வேலை இருப்பது ஞாபகம் வரும். அவன் கத்தலும் தனி. மற்ற மாடுகள் மாதிரி 'ம்ம்மா'வோடு விட மாட்டான். கடைசியில் துருப்பிடித்த கேட்டைத் திறப்பதுபோல் ஒரு இழுவை. பத்து ஊர் மாடு கூடி நின்றாலும் அந்த இழுவையை வைத்தே எங்கள் பிள்ளையைக் கண்டுபிடித்துவிடலாம்.

அந்தச் சனிக்கிழமை பக்கத்து ஊர் ஜல்லிக்கட்டில் ஒருத்தன் கைகூடத் திமிலில் படாமல் ஜெயித்தான். ஜெயித்தவன், ஓடி முடித்த காளைகளைச் சொந்தக்காரர்கள் பிடிக்கிற கலெக்‌ஷன் பாயிண்டில் நின்று மரியாதையாகக் கயிறு போட விடலாமில்லையா? என்னையும் கயிற்றையும் சேர்த்துத் தாண்டி, தைலமரக்காட்டுக்குள் போனவன்தான். ஆளைக் காணோம்.

"எங்க அண்ணனுக்கு ஒரு போன் போடட்டுமாங்க? வம்பன் அங்கிட்டுப் பொறந்த கன்னுதானே," என்றாள் திலகவதி.

"அந்தப் பேச்சே கெடையாது! நான் மிதிக்காத வாசல என் காளை மிதிக்குமா?"

நான் ஏன் மிதிப்பதில்லை என்று கேளுங்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் என் மச்சான் பெரியகருப்பன் புது வீடு குடிபோனார். ரோட்டை மறைத்து ஒரு பிளெக்ஸ் பேனர். சொந்தக்காரர்கள் எல்லாருடைய போட்டோவும் அதில் உண்டு. அவர் டிராக்டர்கூட உண்டு. வீட்டு மாப்பிள்ளை ஆத்மநாதன், அதாவது நான், எங்கே? கடைசி வரிசை, ஓரம், தபால்தலை சைஸ். அதிலும் என் மூக்கு மேலேதான் ஆணி அடித்துச் சவுக்குக் கம்பில் மாட்டியிருந்தார்கள். சாப்பிடாமல் பைக்கை எடுத்தவன், இன்றுவரை அந்தப் பக்கம் போகவில்லை.

இப்போது வரும் புதன்கிழமை மச்சான் மகள் இனியாவுக்குக் காதுகுத்து.

"நீங்க வந்துதாங்க ஆகணும்," என்றாள். "எங்க அப்பா தெவசத்துக்குத் தனியாத்தான் போனேன். 'மாப்பிள்ளை வரலையா'ன்னு நாப்பது பேரு கேட்டாங்க. நாப்பது பொய் சொன்னேன். இன்னும் எத்தனை பொய்ங்க சொல்றது?"

எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ஆணி ஏறியது என் மூக்கில் அல்லவா! "காளை கெடைக்காம நான் எங்கிட்டும் வர்றதா இல்ல," என்று சொல்லிவிட்டுப் போனைத் திறந்தேன்.

அதில் ஓடிய ஒரு வீடியோவில்தான் அந்த அமெரிக்காக்காரர் வந்தார். தாடி வைத்தவர், கையில் வில். அவர்கள் ஊரில் எல்க் என்று ஒரு மான். மான் என்றதும் நம்ம ஊர் மானை நினைக்காதீர்கள். வம்பன் உயரத்துக்கு நிற்கிறது, தலையில் இலை உதிர்ந்த முருங்கை மரம் இரண்டு. துப்பாக்கி என்றால் தூரத்திலிருந்தே சுடலாம். வில் வைத்திருப்பவரிடம் அது கிட்டத்தில் வந்து நிற்க வேண்டும். அதனால் அவர் துரத்துவதில்லை, கூப்பிடுகிறார். ஒரு குழாயை வாயில் வைத்துப் பொட்டை மான்போல் முனகுகிறார். வரவில்லையா? சண்டைக்கு வந்த இன்னொரு கிடாபோல் வீறிடுகிறார். அது ரோஷம் பொங்கி நேரே வருகிறது. இன்னொரு சூட்சுமமும் உண்டு. கூப்பிடுகிறவர் பின்னால் ஒளிந்திருப்பார், வில்லோடு இன்னொருவர் முன்னால் நிற்பார். சத்தத்தையே நினைத்து வருகிற மான் நடுவில் நிற்கிறவரைக் கவனிக்காது. என்ன மூளை! எழுந்து நின்று போனைக் கும்பிட்டேன். வில்லுக்குக் கிட்டே வர வேண்டும் என்றால் என் கயிற்றுக்கும் அப்படித்தானே?

திலகவதியும் பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தாள்.

"அது ஆசையில வருதா, ரோஷத்துல வருதா?"

"ஆசையில கெளம்புமாம். ரோஷத்துல ஓடி வருமாம்."

"ஓஹோ," என்று எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் மூன்றடி பிவிசி பைப் வெட்டி, ஒரு முனையில் பலூனை இழுத்துக் கட்டினேன். முதல் ஊதலிலேயே பக்கத்து வீட்டுக் கோழிகள் கூரை ஏறின. கோழிக்காரன் வெள்ளைச்சாமி ஓடி வந்தான். அவனையே கயிற்றோடு முன்னால் நிறுத்துவது என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பசுபோல் முனகினேன். ஒரு கிழ எருமை வந்தது. பின்னாலேயே அதன் சொந்தக்காரர் கம்போடு வந்தார். திங்கள்கிழமை காளைபோல் வீறிட்டேன். வெள்ளைச்சாமி கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினான். திரும்பி வந்து, "பைப்போட ஒரு போட்டோ எடுத்துக்கிறேண்ணே, சும்மா," என்றான். போஸ் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை, காட்டுக்குள் யாருக்கோ வயிற்று வலி என்று ஆம்புலன்ஸ் வந்தது.

புதன்கிழமை காலையில் திலகவதி பட்டுப்புடவை கட்டிக் கிளம்பினாள். "நான் வாரேங்க. சாப்பாடு மூடி வச்சிருக்கேன். பாத்துக் கூப்பிடுங்க, தொண்டை கட்டிக்கப் போகுது."

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவள் சண்டை போடாமல் விட்டுக்கொடுத்தது அதுதான் முதல் தடவை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

காட்டுக்குள் போய், தொண்டை நரம்பு புடைக்க ஒரு ஊது ஊதினேன். ரொம்பத் தூரத்திலிருந்து பதில் வந்தது.

"ம்ம்மா..." கடைசியில் அந்த இழுவை! அந்தத் துருப்பிடித்த கேட்!

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வெள்ளைச்சாமி, என் புள்ளடா!"

"ஆமாண்ணே, வம்பனேதான்! நடங்க, நடங்க!"

நான் ஊத, அது பதில் சொல்ல, ஒரு மணி நேரம் நடந்தோம். அந்தக் காட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி வரிசை. திசை தெரியவில்லை. மூச்சு வாங்கி உட்கார்ந்தேன். "முடியலடா. வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வருவோம்."

வெள்ளைச்சாமி குனிந்து காதோடு சொன்னான். "அண்ணே, ஒரு விசயம். ஒங்க மச்சான் ஆளுங்களும் வம்பனத் தேடிக் காட்டுல எறங்கிட்டாங்களாம். அவங்க மொதல்ல புடிச்சா, 'மாப்பிள்ளையால முடியல, நாங்க புடிச்சோம்'னு பிளெக்ஸ் வப்பாங்களே?"

பிளெக்ஸா! வேட்டியை மடித்துக் கட்டினேன். ஓட்டம். முள்ளு, குழி, வாய்க்கால் எதையும் பார்க்கவில்லை. இழுவை கிட்டே வந்துவிட்டது. இதோ, வரப்புக்கு அந்தப் பக்கம்! பைப்பைத் தூக்கிக்கொண்டு மரங்களை விட்டு வெளியே பாய்ந்தேன்.

பந்தல். மைக் செட். வடை வாசனை.

தென்னை மரத்தில் வம்பனைக் கட்டியிருந்தார்கள். கழுத்தில் மாலை, முன்னால் பருத்திக்கொட்டை. பக்கத்தில் பட்டுப்புடவையோடு திலகவதி, மைக்குக்கு முன்னால் காலிக் குடத்துக்குள் வாயை வைத்து, அந்தக் கடைசி இழுவையை இழுத்துக்கொண்டிருந்தாள்.

மச்சான் வீட்டுக் கொல்லை! எத்தனையோ தடவை ரோட்டு வழியாக வந்திருக்கிறேன். காட்டு வழி இங்கே வந்து முடியும் என்று யாருக்குத் தெரியும்?

"வந்துட்டீங்களா?" என்று குடத்தைக் கீழே வைத்தாள். "சனிக்கிழமை சாயங்காலமே வம்பன் இங்க வந்துட்டான். அதான் அண்ணனுக்குப் போன் போடட்டுமான்னு ஒங்ககிட்ட கேட்டேன். நீங்கதான் பேச்சே கெடையாதுன்னீங்க."

"அப்ப வெள்ளைச்சாமி?"

"நடுவுல ஒரு ஆளு நிக்கணும்ல? சத்தத்தையே நெனச்சு வர்றது அந்த ஆளக் கவனிக்காதுன்னு அந்தத் தாடிக்காரர் சொன்னாரே."

வெள்ளைச்சாமி அதற்குள் பந்தியில் உட்கார்ந்துவிட்டான்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த அமெரிக்காக்காரர் விமானம் ஏறி வந்து இவளிடம் படிக்க வேண்டும். கோபம் வரவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. நாற்பது பேர் அவளிடம், "மாப்பிள்ளை வந்துட்டாரே!" என்றார்கள். ஒரு பொய்கூடச் சொல்லாமல் தலையாட்டிக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைப் பார்க்க நான் இன்னும் நாலு காடு ஓடியிருப்பேன்.

மச்சான் வந்து கையைப் பிடித்தார். "வாங்க மாப்ளே. அன்னைக்கு நடந்தது என் தப்புதான். வாசல்ல பாருங்க."

வாசலில் பிளெக்ஸ். நடுவில் ஆளுயரத்துக்கு நான். வாயில் பைப். 'வருக வருக! காளையின் குரல் அறிந்த எங்கள் மாப்பிள்ளை!' நாலு மூலையில் மட்டும் ஆணி. மூக்கு முழுசாக இருந்தது.

கிணற்றடியில் சவர செட்டும் வெந்நீரும், இஸ்திரி போட்ட என் வேட்டி சட்டையும் தயாராக இருந்தன. தாடி போயிற்று. இனியா காது குத்திக்கொண்டு அழுதாள். நான் பைப்பை ஊதினேன், சிரித்தாள்.

பந்தியில் உட்கார்ந்ததும் ஒரு புதுத் தீர்மானம் எடுத்தேன். ஆனது ஆச்சு, இனி எவர் எந்தச் சத்தம் கொடுத்தாலும் ஆத்மநாதன் அசைவதில்லை. இது சத்தியம்.

அடுப்படிப் பக்கமிருந்து மெதுவாக ஒரு "ம்ம்மா..." வந்தது.

வம்பன் பருத்திக்கொட்டையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் வடையை இலையில் போட்டுவிட்டு எழுந்தேன்.