விட்டாச்சு டாக்டர்!

புகைப்பவர்கள் உண்டு, புகைக்காதவர்கள் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உங்கள் தெருவிலேயே உலவுகிறது, கவனித்திருக்கிறீர்களா? அதன் பெயர் 'விட்டாச்சு'. யார் கேட்டாலும், "நானா? எப்பவோ விட்டாச்சே!" என்று சொல்லும். சொல்லும்போது முகத்தைச் சற்றே திருப்பிக்கொள்ளும். வாயில் ஒரு புதினா மிட்டாய் உருண்டுகொண்டிருக்கும். அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. எதை விட்டது என்று நாம் கேட்பதில்லையே!

இந்த இனத்தில் ஒரு தையல்காரர் இருக்கிறார். பேன்ட் தைப்பதில் சூரர். தையல் பிரிந்த பேன்ட்டோடு யாராவது வந்தால் போதும், அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, விரலால் நீவி, உதட்டைப் பிதுக்கி, "தையல்ல குறை இல்லீங்க. துணி இத்துப்போச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். ஆபரேஷன் செய்கிற பெரிய டாக்டர் ஒருவரும் இந்தத் தீர்ப்பைக் கேட்டு, பின்பக்கத்தைப் பையால் மறைத்தபடி வீடு போய்ச் சேர்ந்தவர்தான்.

அதே டாக்டரிடம் தையல்காரரே குடலிறக்கத்தோடு போய் நிற்க வேண்டியதாயிற்று.

"ஆபரேஷன் சின்னதுதான். ஆனா சிகரெட் குடிச்சா நெஞ்சுல சளி கட்டும், காயம் ஆறாது, உசிருக்கே ஆபத்தாகலாம். இன்னைக்கே நிறுத்துங்க, அடுத்த மாசம் பண்ணிடலாம்."

"விட்டாச்சு டாக்டர்."

"எப்ப?"

"இப்பத்தான்."

உண்மைதான். வாசலில், செருப்பை விட்ட இடத்திலேயே.

அந்த ஒரு மாதமும் அவர் வீட்டில் எவ்வளவு பொறுப்பானவராகிவிட்டார் தெரியுமா? குப்பை கொட்ட அவரே போனார். காயாத துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்க மொட்டைமாடிக்கு ஏறி ஏறி இறங்கினார். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் இருமினார். கடைசி ஒன்று முடிந்ததும், அந்தக் கடைசிக்கும் ஒரு கடைசி வந்தது. "மனுஷன் திருந்திட்டார்" என்று மனைவி பூரித்துப்போனாள்.

ஆபரேஷன் அன்று காலையில், முதுகுப்பக்கம் நாடா கட்டுகிற பச்சை அங்கி ஒன்றை மாட்டிவிட்டார்கள். "காஜா இல்ல, பட்டன் இல்ல, எவன் தச்சான் இதை?" என்று திட்டிக்கொண்டே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நழுவினார். ஒரு கையில் சிகரெட். மறு கையில் மானம்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. சும்மா இருமலா? கட்டிலே ஆடியது. மூக்கில் ஆக்சிஜன் குழாய் ஏறியது. தையல் போட்ட இடத்தைத் தலையணையால் தாங்கிப் பிடித்தபடி மனைவி நின்றாள். அவர் மூச்சை இழுக்கும்போதெல்லாம் அவளும் இழுத்தாள். அவர் விடும்வரை அவளும் விடவில்லை. இருமி இருமிக் கடைசியில் தையல் பிரிந்தேவிட்டது.

டாக்டர் வந்தார். தையல்காரருக்குத் தொழில் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன டாக்டர், தையல் இப்படியா போடுவாங்க? முடிச்சை இறுக்க வேணாமா?"

டாக்டர் விளக்கை அருகில் இழுத்தார். காயத்தைச் சுற்றி விரலால் நீவிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"தையல்ல குறை இல்லீங்க. துணி இத்துப்போச்சு."

நர்ஸ் சிரிப்பை மறைக்கத் திரும்பிக்கொண்டார். மனைவி திரும்பவில்லை.

"விட்டாச்சு விட்டாச்சுன்னீங்களே, எதைங்க? புகையையா?"

"இல்லடி... கடைசியா ஒண்ணே ஒண்ணு..."

"இன்னும் ஒண்ணு விட்டிருந்தா உசிரையும் சேர்த்து விட்டிருப்பீங்க!"

மறுபடியும் தைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். இப்போதெல்லாம் பிரிந்த பேன்ட் எது வந்தாலும், துணியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வாங்கித் தைத்துக் கொடுத்துவிடுகிறார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். நீங்கள்தான் எப்போதோ விட்டாச்சே! ஒன்று மட்டும் சொல்லுங்கள்: அறையில் இத்தனை நாற்காலிகள் சும்மா கிடக்க, ஜன்னலோரம் நின்று, ஒரு கையை வெளியே நீட்டிக்கொண்டு எதற்காக இதைப் படிக்கிறீர்கள்?