பதினைந்து ஆடும் ஒரு மீசையும்

பதினைந்து ஆடுகளை வைத்துக்கொண்டு மூன்று புலிகளை அடைக்கத் தெரியாமல், என் தகப்பனாரைச் சாகடித்தவன் நான். (பதற வேண்டாம். அவர் அதற்குப் பிறகும் இருபது வருஷம் இருந்தார். என்னைத் திட்டுவதற்கு அது போதவில்லை என்ற குறையோடுதான் போனார்.)

இதை எழுதும்போதே கோபம் வருகிறது. தேவசகாயம் மேஸ்திரியின் மேல் கோபம், காதர் பாயின் மேல் கோபம், நாவிதர் முனுசாமியின் மேல் கோபம். மூவரும் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை என்பதால் கோபம் இன்னும் ஜாஸ்தி. கெடுதல் செய்தவனை நாலு வார்த்தை கேட்டுத் தீர்த்துவிடலாம். நல்லது செய்தவனை என்ன செய்வது?

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் குமாஸ்தா. மெட்ரிகுலேஷன் வரை போனவன் என்பதால், மெட்ரிகுலேஷன் தேறியவனை விடக் கர்வம் அதிகம். வேலூரில் பழைய புத்தகக் கடையில் யுத்த தந்திரம் பற்றிய தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று வாங்கி, அதில் புரிந்த பக்கங்களை (பதினொன்று) மனப்பாடம் செய்து, ஆடு புலி ஆட்டத்துக்கென்று தனியாக ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருந்தேன். அதன் மேலட்டையில் 'ஆட்டுப்படை வியூகங்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். இது தவிர, மூக்கின் கீழே ஒரு மீசையும் இருந்தது. திருப்பத்தூரில் ஒரு பெண்ணைப் பார்த்து நிச்சயம் செய்து, கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் பாக்கி.

வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு விடுமுறை. கொல்லைப்புறத்தில், தோலுக்குப் போடுகிற ஆவாரம் பட்டை குவித்திருக்கும் இடத்தில், முக்கோணக் கட்டம் கீறிய ஒரு பலகைக் கல் கிடந்தது. அதில்தான் ஆட்டம். கடுக்காய் மூன்று, அவை புலி. புளியங்கொட்டை பதினைந்து, அவை ஆடு. சுண்ணாம்புக் குழியில் மேஸ்திரியாக இருந்த தேவசகாயம் எப்போதும் புலிதான் ஆடுவார். ஐந்து வருஷமாக அவரை யாரும் அடைத்ததில்லை. நான் அடைப்பதாக ஒரு வாரமாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆடுகளை ஒவ்வொன்றாகக் கட்டத்தில், கோடுகள் கூடும் முனைகளில் இறக்க வேண்டும். பதினைந்தும் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது, ஆனால் புலி நகரலாம். ஆட்டுக்குப் பின்னால் முனை காலியாக இருந்தால் புலி தாண்டித் தின்றுவிடும். மூன்று புலிகளும் அசைய முடியாதபடி ஆடுகள் சூழ்ந்துவிட்டால் ஆட்டுக்கு ஜெயம். எங்கள் ஊர்க் கணக்கில் ஏழு ஆடு போனால் புலிக்கு ஜெயம்.

முதல் அரைமணி நேரம் நான் ஆடிய ஆட்டத்தை இன்றைக்கும் குறை சொல்ல முடியாது. மூலையில் நிற்கும் ஆட்டுக்குப் பின்னால் முனையே கிடையாது, அதைத் தாண்டப் புலிக்கு இடமில்லை. ஆகவே முதலில் மூலைகள், பிறகு ஓரங்கள், கடைசியில் நடு. பதினைந்தையும் இறக்கி முடித்தபோது போனவை இரண்டே ஆடு. மேஸ்திரி வெற்றிலையை மென்றுகொண்டு கல்லைப் பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை. எதிராளி நம்மைப் பார்க்காவிட்டால் பயந்துவிட்டான் என்று அர்த்தம் என்பது என் நோட்டுப் புத்தகத்தில் நாலாவது விதி. (அது என் சொந்தச் சரக்கு. இங்கிலீஷ்காரன் மேல் பழி வேண்டாம்.)

அப்போது அவர் ஒரு புலியை எடுத்து, முக்கோணத்தின் உச்சியில் கொண்டுபோய் வைத்தார். யாரும் துரத்தவில்லை. தானாகவே போய் உட்கார்ந்துகொண்டது.

உச்சிக்குப் போன புலி, பெரிய சம்பளத்தில் மலைக்கு மாற்றலான உத்தியோகஸ்தன் மாதிரி. கௌரவம் உண்டு, காரியம் இல்லை. அதை அடைப்பது சுலபம். எனக்குக் கை துறுதுறுத்தது. ஓர் ஆட்டை நகர்த்தினேன், இன்னொன்றை நகர்த்தினேன், பின்னாலும் காவல் வைத்தேன். கடைசியில் உச்சிப் புலி அசைய வழியில்லாமல் நின்றது. நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தேன். நாலைந்து பேர் இருந்தார்கள். எனக்கு நானூறாகத் தெரிந்தது.

பட்டை வண்டி ஓட்டுகிற காதர் பாய் மட்டும் உதட்டைப் பிதுக்கினார்.

"தம்பி, மேலே ஒண்ணைப் புட்சி வெச்சிக்கினு அதுக்கு ஏழு ஆளைக் காவல் போட்டுட்டே. மிச்சம் ஆறு. கீழே ரெண்டு புலி சும்மா சுத்திக்கினு கீதே."

"வேடிக்கை பாக்க வந்தா வேடிக்கை மட்டும் பாருங்க, பாய்."

"வேடிக்கைதான் பாக்கறேன். வாய் தானா பேசுது."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஏழு போக மிச்சம் ஆறு. ஆறு ஆட்டை வைத்துக்கொண்டு திறந்த வெளியில் இரண்டு புலிகளை யாராலும் அடைக்க முடியாது. ஒரு புலியை நான் பிடித்திருக்கவில்லை, அந்தப் புலிதான் என் ஏழு ஆடுகளைப் பிடித்து வைத்திருந்தது. இது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது காதர் பாய் வாயைத் திறந்துவிட்டார் என்பதுதான் தெரிந்தது. அவர் அதோடு நிறுத்தியிருந்தாலும் பாதகமில்லை.

"ஆனா மேஸ்திரி வேணும்னுதான் மேலே போய்க் குந்திக்கினாருன்னு நெனைக்கிறேன்" என்றார் பக்கத்து ஆளிடம், எனக்குக் கேட்கும்படி. "கல்யாணம் வெச்சிருக்கற புள்ள. தோத்துட்டு பேஜாராப் போகக் கூடாதுன்னு வுட்டுக் குடுக்கறாரு. நல்ல மனசு."

எனக்கு விட்டுக் கொடுக்கிறாராம். பதினொரு பக்கம் மனப்பாடம் செய்தவனுக்கு. ஒரு வாரம் வாயால் ஜெயித்தவனுக்கு. காது இரண்டும் சுட்டது.

"மேஸ்திரி" என்றேன். "விட்டுக் குடுக்கற வேலையெல்லாம் வேணாம். நான் தோத்தா இந்த மீசையை எடுத்துடறேன்."

தேவசகாயம் முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார். "ஆட்டத்துக்கு எதுக்கு தம்பி மீசை? வெயில் ஏறிப்போச்சு. கலைச்சிடலாம் வா."

புலி தப்பிக்கப் பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டேன். "ஆடுங்க" என்றேன்.

ஆடினார். கீழ்ப் புலி ஓர் ஆட்டைத் தின்றது. அடுத்தது இன்னொன்றைத் தின்றது. நாலு போயிற்று. ஐந்தாவதுக்குக் குறி வைத்துப் புலி வந்து நின்றது. இங்கேதான் ஆட்டம் திரும்பிய இடம். அந்த ஓர் ஆட்டைக் கொடுத்துவிட்டு, காவலைக் கலைக்காமல், மிச்சத்தை ஓரத்துக்கு ஒதுக்கியிருந்தால் இழுத்துப் பிடித்திருக்கலாம். 'ஒன்றைக் கொடுத்துப் பத்தைக் காப்பாற்று' என்று என் நோட்டிலேயே, சிவப்பு மசியில் அடிக்கோடு போட்டு இருக்கிறது. ஆனால் காதர் பாய் "ப்ச்" என்றார். அந்த ஒரு சத்தத்துக்காக, இனி ஒரு புளியங்கொட்டையைக்கூட விடுவதில்லை என்று, உச்சிக் காவலிலிருந்து ஓர் ஆட்டை இழுத்துக் கீழே மறைப்பாக வைத்தேன்.

கீழே மறைந்தது. மேலே திறந்தது. இத்தனை நேரம் தூங்கிக்கொண்டிருந்த உச்சிப் புலி ஒரே தாண்டில் இறங்கி என் ஐந்தாவது ஆட்டைத் தின்றது. ஆறாவதும் ஏழாவதும் எப்படிப் போயின என்று எனக்குத் தெரியாது. கண்ணில் கோபம் முட்டிக்கொண்டு நின்றதால் கட்டம் தெரியவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். மேஸ்திரி கடுக்காய்களைப் பொறுக்கிக்கொண்டே, "ஆட்டம் ஆட்டத்தோட போச்சு. மீசையெல்லாம் நான் காதுலயே வாங்கல. போய்க் கல்யாண வேலையைப் பாரு தம்பி" என்றார்.

மன்னித்துவிட்டார். என்னை. அதற்கு மேல் அங்கே நிற்க முடியுமா? நேராக முனுசாமியிடம் போய் உட்கார்ந்து, "மீசையை எடு" என்றேன்.

கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த முனுசாமி அப்படியே நிறுத்தினார். என் கண்ணைப் பார்த்தார். அதில் தண்ணீர் நின்றது. (கோபத்தில் எனக்குக் கண் கலங்கும். இந்த ஒரு குறைக்காகவே நான் போலீஸில் சேரவில்லை.)

"எப்போ தம்பி?" என்றார் மெதுவாக.

"இப்பதான்."

"ஆளை அனுப்பியிருந்தா நானே வீட்டுக்கு வந்திருப்பேனே. தலை?"

"தலை இருக்கட்டும். மீசை மட்டும் எடு. கேள்வி கேக்காதே."

"சரி சரி. மத்ததெல்லாம் நாளைக்கு வீட்டுல வெச்சிப் பாத்துக்கலாம்" என்றார். காசை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். இவரும் கிண்டல் செய்கிறார் என்று நினைத்து விருட்டென்று வந்துவிட்டேன். தகப்பன் செத்தால்தான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மீசையை எடுப்பார்கள் என்பது, சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது என் நினைவிலேயே இல்லை. யுத்த தந்திரப் புத்தகத்தில் அது கிடையாது.

வீட்டில் பல்வலி என்று சொல்லித் துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு படுத்தேன். அம்மா கிராம்பு கொடுத்தாள். அதற்குள் முனுசாமி தன் கடமையைச் செய்துவிட்டார். மாப்பிள்ளைச் சவரத்துக்குப் பேசி வைத்திருந்தவர் அவர்தான், அதனால் பெண் வீடு அவருக்குத் தெரியும். சாயங்கால ரயிலுக்குப் போகிற தெரிந்த ஆள் ஒருவரிடம் திருப்பத்தூருக்குச் சேதி சொல்லி அனுப்பினார்.

மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமை என்றால் என் அப்பாவுக்கு எண்ணெய் முழுக்கு. முற்றத்தில் மணை போட்டு, கோவணத்தோடு, உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் பளபளக்க, கண்ணை இறுக்க மூடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். அம்மா சீயக்காய் கரைக்க உள்ளே போயிருந்தாள்.

தெருமுனையிலிருந்தே அழுகை கேட்டது. என் வருங்கால மாமனார் கையில் மாலையோடு முன்னால் வர, பின்னால் மூன்று பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு நுழைந்தார்கள். முற்றத்தில் எண்ணெய் தேய்த்து உட்கார வைத்திருந்த உருவத்தைப் பார்த்ததும், குளிப்பாட்டுகிற கட்டம் என்று முடிவு செய்து, அழுகையை ஒரு படி ஏற்றினார்கள். மாமனார் குனிந்து மாலையைப் போட்டார்.

"யாருய்யா அது? எண்ணெய் தேச்சிருக்கறவன் மேல பூவை வெக்கறது?" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

ஒரு பெண் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மாமனார் இரண்டடி பின்னால் போய், "சம்பந்தி, நீங்க இன்னும் போகலையா?" என்றார். (பாவம், அந்த நிலையில் வேறு என்ன கேட்பார்?)

"எங்கே போகணும்?"

அப்போதுதான் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். துண்டு நழுவியிருந்தது. அப்பா ஒரு கண்ணைத் திறந்தார். எண்ணெய் இறங்கி அது சிவந்தது. மற்றக் கண் எண்ணெய் இல்லாமலே சிவந்தது.

"நான் உசுரோட இருக்கறப்பவே எடுத்துட்டியா?"

"ஆட்டத்துல தோத்துட்டேன்."

"இன்னா ஆட்டம்?"

"ஆடு புலி."

அவர் கையில் அகப்பட்டது எண்ணெய்க் கிண்ணம். அது என்னைத் தாண்டிப் போய்ச் சுவரில் பட்டது. எங்கள் குடும்பத்தில் அன்றைக்கு யாருக்கும் குறி சரியில்லை.

மாமனார் கல்யாணமே வேண்டாம் என்றார். "மீசையில்லாத மாப்பிள்ளையை மணையில உக்கார வெச்சா, வர்றவன் ஒவ்வொருத்தனும் சம்பந்தி எப்ப காலமானாருன்னுதான் கேப்பான். கோபத்துல மீசையை எடுக்கறவன் நாளைக்கு என் பொண்ணை இன்னா பண்ணுவான்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அப்பாதான் மாலையைக் கழற்றாமலே ஒரு மணி நேரம் வாதாடினார். நான் நல்லவன் என்று சொல்லவில்லை, முட்டாள் என்றுதான் சொன்னார், முட்டாளால் பெண்ணுக்கு ஆபத்து கிடையாது என்று. கடைசியில் முகூர்த்தம் தள்ளிப் போயிற்று. ஆடி கழிந்து, மீசை முழுசாக முளைத்த பிறகு பார்க்கலாம் என்று மாமனார் போய்விட்டார்.

மீசை முளைக்கிறதா என்று பார்த்துப் போகத் திருப்பத்தூரிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆள் வந்தது. அப்பாவோ உயிரோடிருப்பதை நிரூபிக்க, தினம் சாயங்காலம் கடைத்தெருவில் இரண்டு நடை நடக்க வேண்டியதாயிற்று. என் பிள்ளைகள் இன்றைக்கும் யாரிடமாவது கோபமாகப் பேச ஆரம்பித்தால், என் தம்பி உடனே, "டேய், முதல்ல உங்க அப்பனுக்கு எண்ணெய் தேச்சு உக்கார வைங்க" என்பான்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மறுவீட்டுக்கு மாட்டு வண்டியில் போகும்போது, புதுப் பெண்டாட்டியிடம் கொஞ்சம் பெருமையாகவே கேட்டேன்: "உனக்காக மூணு மாசம் வெளக்கெண்ணெய் தடவி வளத்தது. பொண்ணு பாக்க வந்தப்ப இருந்த மீசை நல்லா இருந்துச்சா, இது நல்லா இருக்கா?"

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"அன்னிக்கு மீசையா வெச்சிக்கினு இருந்தீங்க?" என்றாள். "நான் கவனிக்கலியே. தட்டுல சொஜ்ஜியை எனக்கு மிச்சம் வெப்பீங்களா மாட்டீங்களான்னு பாத்துக்கினு இருந்தேன்."