உலகின் வேகமான வண்டியும் ஒரு சாப்பாட்டு மேசையும்

"இந்த வண்டியை நான் கட்டி முடிக்கலேன்னா என் பேரையே மாத்திக்கிறேன்!"

சாப்பாட்டு மேசையைத் தட்டிச் சபதம் செய்தார் மாஸ்டர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை என்பதால் தெருவே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். வீட்டுக்குள் மட்டும் அந்தப் பட்டம் செல்லுபடியாகாது.

"போன தடவை மாத்தின பேரே இன்னும் வாய்ல வரல," என்றாள் மனைவி.

அவள் கண் போன இடத்தில் கூடத்துச் சுவர் இருந்தது. பாதி நீலம், பாதி பழைய வெள்ளை. மாஸ்டரின் கை எட்டியவரை நீலம் என்று நினைத்துவிடாதீர்கள், பொறுமை எட்டியவரை. சுவரோரமாக, இரண்டே பாடத்தோடு ஊமையாகிப்போன கிடார் ஒன்றும் சாய்ந்திருந்தது.

ஆனால் இந்த முறை விஷயமே வேறு. மேசையில் பரப்பியிருந்தவை தடித்த தாளில் அச்சடித்த வண்டிப் பாகங்கள். ஒரு காலத்தில், தரையில் ஓடியவற்றிலேயே இதுதான் வேகம் என்று சாதனை படைத்த பந்தய வண்டியின் காகித மாதிரி. நீண்ட மூக்கு, மீன் போல வால், ஒரே ஓர் இருக்கை. வெட்டி, மடித்து, ஒட்டினால் ஒரு முழ நீளத்தில் அப்படியே வந்து நிற்கும். நாள் முழுக்க மாணவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதித்தே பிழைப்பு நடத்துகிறவர் அவர். பக்கத்து இருக்கையே இல்லாத வண்டியைப் பார்த்ததும் மனதைப் பறிகொடுத்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை அக்காவும் மாமாவும் சாப்பிட வர்றாங்க. மேசை வேணும்."

"அதுக்குள்ள முடிச்சிடுவேன்."

"முடிக்கலேன்னா?"

"மிச்சச் சுவருக்கு நானே பெயிண்ட் அடிக்கிறேன். இனிமே புதுசா எதையும் தொடவே மாட்டேன்."

"முடிச்சிட்டீங்கன்னா?"

மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்தினார். "இந்த மேசை எனக்கு. முழுசா எனக்கு. அடுத்து ஒரு ரயில், அப்புறம் ஒரு கப்பல். எடுங்க, நகருங்கன்னு யாரும் சொல்லக் கூடாது."

"சரி. மேசை உங்களோடது."

அவ்வளவு சுலபமாக அவள் சம்மதித்தபோதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். அவருக்கோ சகலையின் நினைப்பு. அந்த மனிதர் எடுத்த காரியத்தை முடிக்காமல் தூங்கமாட்டார். அவர் முன்னால் அரை வண்டியைக் காட்டினால் மானம் கப்பலேறிவிடும்.

வால் வந்தது. சக்கரங்கள் வந்தன. உடம்பும் வந்தது. மூக்குதான் மக்கர் செய்தது. இதழ் இதழாக வெட்டிய தாளை வளைத்து நுனியில் ஒன்றுசேர்த்து ஒட்ட வேண்டும். ஒட்டப்போகும் நேரம் பார்த்து 'டொம்' என்று மேசை குலுங்கும், மூக்கு சப்பையாகிவிடும்.

"மேசை ஆடுது பாரு!"

அவள் குனிந்து பார்த்தாள். "மேசை ஆடல. நீங்க மிதிக்கிறீங்க."

உண்மைதான். ஏதோ தப்பாகப் போகிறது என்று தோன்றினாலே மாஸ்டரின் வலது கால் தானாக பிரேக்கைத் தேடும். இங்கே அகப்பட்டது மேசையின் குறுக்குச் சட்டம்.

தாளில் உபரியாக அச்சடித்துக் கொடுத்திருந்த மூக்குகளெல்லாம் சனிக்கிழமை மாலைக்குள் காலி. மிச்சம் ஒன்றே ஒன்று. மாஸ்டர் ஒரு திட்டம் போட்டார். மனைவிக்கு கேக் கடையில் வேலை. டப்பாக்களைக் கண்ணை மூடிக்கொண்டே மடிப்பாள். நேரடியாக உதவி கேட்டால் கௌரவம் போய்விடும். சீண்டினால் தானாக வருவாள்.

"இது கேக் டப்பா மாதிரி இல்ல. உனக்கெல்லாம் வராது."

"வராதா?"

"வரவே வராது."

"அப்ப நான் டிவி பாக்கறேன்."

"இல்ல... முயற்சி பண்றதுல தப்பொண்ணும் இல்லியே."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். "முதல்ல காலை மேல தூக்கி, நாற்காலிலயே சம்மணம் போடுங்க. நான் சேத்துப் பிடிக்கறேன். நீங்களே ஒட்டுங்க."

ஒட்டினார். மடித்துப் போட்டிருந்த கால் ஒருமுறை துடித்தது. மிதிக்க எதுவும் இல்லை. மூக்கு கூர்மையாக நின்றது. மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் முழுசாக முடித்த முதல் காரியம்! அதைவிடப் பெரிய சந்தோஷம், மனைவி தன் கையாலேயே மேசையைத் தாரைவார்த்ததுதான்.

"ஏமாந்தியா? மேசை போச்சு!"

"போச்சுங்க," என்று பெருமூச்சு விட்டாள் அவள்.

மறுநாள் அலமாரி மேல் நின்ற வண்டியைச் சகலை சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நீங்களா கட்டினீங்க? என்னால இவ்வளவு பொறுமையா முடியாதுங்க!"

மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. "இந்த மேசையிலதான் கட்டினேன். இது என் மேசை. முழுசா எனக்கு. வேணும்னா இவளைக் கேளுங்க!"

"ஆமாக்கா, அவரோட மேசைதான்," என்றபடி மனைவி அக்கா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாகச் சாய்ந்துகொண்டாள். பிறகு கணவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னங்க நிக்கறீங்க? உங்க மேசைக்கு விருந்தாளியா வந்திருக்கோம். பரிமாறுங்க. சாப்பிட்டதும் துடைச்சிடுங்க. நாளைக்கும்தான்."

மாஸ்டரின் வலது கால் பிரேக்கைத் தேடி வெறுந்தரையை ஓங்கி மிதித்தது. அவரோ நிற்காமல் சமையலறைக்குள் போய்க்கொண்டிருந்தார்.