மெய்யூர் நாட்டின் கதவுச் சட்டம்

மெய்யூர் என்றொரு நாடு இருந்தது. அங்கே சர்க்கரை ஆற்றில் வந்தது. மக்கள் அதை எரித்துத்தான் அடுப்பு மூட்டினார்கள். ஆனால் எந்த வீட்டுக்கும் நிலையான வாசல் கிடையாது. கதவையும் நிலையையும் கழற்றி நிலவறையில் வைத்திருப்பார்கள், கண்டவனும் நுழைந்துவிடக் கூடாதே என்று.

சர்க்கரைப் படகு வந்ததும் கணையபுரத்திலிருந்து இன்சுலர் என்னும் அரசுக் கூவிகள் தெருவுக்கு வந்து கூவுவார்கள். அவர்களுக்கு வீட்டுக்குள் அனுமதி இல்லை. சுவரில் பதிந்து உட்கார்ந்திருக்கும் வாயிலோனுக்குக் காது வெளியே, கை உள்ளே. கூவல் கேட்டதும் அவன் உள்ளே இருக்கும் தூதரின் வலது தோளில் தட்டுவான். தூதர் ஓடிப்போய் நிலவறையில் சொல்வார். கதவு மேலே வந்து சுவரில் பொருந்தும், சர்க்கரை உள்ளே வரும். இடது தோளில் தட்டினால் உட்கார வேண்டும் என்று பொருள். இவ்வளவுதான் அந்நாட்டின் ஆட்சிமுறை. நன்றாகவே நடந்தது.

நன்றாக நடப்பதை எந்த அமைச்சரால் பொறுக்க முடியும்? தம் ஆட்சியில் பற்றாக்குறை என்ற பேச்சே எழக் கூடாதென்று வழங்கல் அமைச்சர் வல்லபேந்திரர் இரவு பகலாகப் படகு விட்டார். மிஞ்சிய சர்க்கரையை நெய்யாக்கி வீடுதோறும் ஜாடி ஜாடியாக அடுக்கி, காவலும் போட்டார். தூதர் எழுந்து ஓடினால் ஜாடி உடையுமே! அதனால் ஜாடிக் காவலர்கள் அவருடைய இடது தோளில் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

தசைப்பேட்டையில் பூரணம்மாள் வீட்டுத் தூதர் அவள் கணவர் சங்கிலிமுத்துதான். வலது தோளில் ஒரு தட்டு, இடது தோளில் பத்துத் தட்டு. மனிதர் எழுவதும் உட்காருவதுமாக இருந்து, கடைசியில் எழுவதையே விட்டுவிட்டார். கதவு வரவில்லை, அடுப்பு அணைந்தது. வெளியே ஆறு பாகாக ஓட, உள்ளே அவர் பசியில் சுருண்டு கிடந்தார்.

மக்களுக்குக் காது மந்தம் என்று முடிவு செய்த அமைச்சர், கூவிகளை இரட்டிப்பாக்கினார். பலனில்லை. மேலும் இரட்டிப்பாக்கிவிட்டு நேரிலேயே பார்வையிட வந்தார். பூரணம்மாள் சுவர்த் துளையில் வாயை வைத்துச் சொன்னாள்:

"ஐயா, சத்தத்துக்கு ஒரு கொறையும் இல்ல. எங்க வீட்டுக்காரர எழுந்திரிக்க விடமாட்டேங்கறாங்க. அந்த நெய் ஜாடிய எடுத்துட்டுப் போனாப் போதும்."

"அம்மணி, பசியையும் வைத்துக்கொண்டு நெய்யையும் வெறுப்பது நாட்டுப்பற்றுக்கு அழகல்ல" என்றார் அமைச்சர்.

வீடுகளில் பசி என்று கேள்விப்பட்ட ஈரல்கோட்டைக் களஞ்சியத் தலைவர், கருணை பொங்கித் தம் கிடங்கையும் ஆற்றில் திறந்துவிட்டார். வெள்ளம் கழிவுக் கால்வாய் வழியாக எல்லைக்கு வெளியே போயிற்று. அங்கே எறும்புகள் கூடின. வல்லபேந்திரர் அதை ஏற்றுமதி என்று அறிவித்து விழா எடுத்தார். கூவிக் கூவித் தொண்டை கட்டிப்போன இன்சுலர்கள் விழாவில் வாழ்த்துப் பாட முடியாமல் வாயை மட்டும் அசைத்தார்கள்.

மன்னரின் தேரை இழுக்கும் வடங்கள் தசைப்பேட்டை வீடுகளுக்குள் சுவர்த் துளை வழியாக நீண்டிருந்தன. மன்னர் எங்கும் போவதில்லையாதலால் அவற்றில் தூசி படிந்திருந்தது. திடீரென்று அண்டை நாட்டில் ஒரு கல்யாணம், முதல் பந்திக்குப் போயாக வேண்டும். தேரை இழுக்க ஆணை வந்தது. பூரணம்மாள் கணவரைக் கைத்தாங்கலாக எழுப்பி வடத்தைப் பிடிக்க வைத்தாள். எல்லோரும் சேர்ந்து இழுக்க, வீடு அதிர்ந்தது. அந்த அதிர்வில் கதவு தானாகவே நிலவறையிலிருந்து மேலேறிச் சுவரில் பொருந்தியது. யாரும் கூவவில்லை, யாரும் தட்டவில்லை. அடுப்பு எரிந்தது. சங்கிலிமுத்து இன்னும் கொஞ்சம் கஞ்சி கேட்டார். பூரணம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அமைச்சரவை அவசரமாகக் கூடியது.

"அரசு கூவாமலே கதவு திறக்குமென்றால், அரசு எதற்கு?" என்று வல்லபேந்திரர் கேட்டார்.

ஆகவே வடங்கள் அறுக்கப்பட்டன. மக்களின் களைப்பைப் போக்க வீட்டுக்கொரு விலையில்லாச் சாய்வு நாற்காலியும், திறந்திருந்த கதவு வழியாகவே கொண்டுவந்து போடப்பட்டது. மக்கள் சாய்ந்தார்கள். கதவுகள் நிலவறைக்குத் திரும்பின.

தேர்தல் வந்தது. எதிர்க்கட்சி அந்த நாற்காலியை வன்மையாகக் கண்டித்தது. தாங்கள் வந்தால் கட்டிலே தருவதாக வாக்களித்தது. மக்கள் சுவர்த் துளை வழியாக வாக்குச் சீட்டை நீட்டி, அதற்கு மகத்தான வெற்றியைத் தந்தார்கள்.

சொன்ன சொல் தவறவில்லை. பூரணம்மாள் வீட்டுக்குத் தேக்குக் கட்டில் வந்து இறங்கியது. உள்ளே கொண்டுபோக வாசல் இல்லாததால் சுவரோரம் போட்டு, புதிய அமைச்சர் அதில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். உள்ளேயிருந்து யாரோ சுவரைத் தட்டும் சத்தம் கேட்டது. அமைச்சர் என்னவென்று கேட்டார்.

மக்கள் கைதட்டுகிறார்கள் என்றார் உதவியாளர்.