நடு ஹாலில் ஒரு நாற்காலி

நல்ல சத்தத்துக்கு ஆசைப்படுகிற ஆண்பிள்ளைக்குக் கல்யாணம் பேசுகிற சமயத்தில், வீட்டில் ஒரு ஆள் காவலுக்கு இருக்க வேண்டும். அனுபவத்தில் சொல்கிறேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் காவலுக்கு யாரும் இல்லை.

அந்தப் பழைய ஆம்ப்ளிஃபயரை, கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு தூத்துக்குடி அண்ணாச்சியிடம் வாங்கினேன். சிங்கப்பூர் சாமான். வெள்ளி நிற முகம், அதில் இரண்டு மீட்டர், மீட்டருக்குள் நீல விளக்கு. பழசு வாங்கும்போது மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும், வால்யூமைத் திருகிக் கரகரப்பு வருகிறதா என்று கேட்க வேண்டும், உப்புக்காற்றில் உள்ளே பச்சை பூத்திருக்கிறதா என்று டார்ச் அடிக்க வேண்டும். எல்லாம் எனக்குத் தெரியும். (மாதக்கணக்காக வீடியோ பார்த்தவன்.) ஆனால் அந்த நீல வெளிச்சத்தைக் கண்டதும் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டேன்.

"தொறந்து பாக்கலியாப்பா?" என்று விற்கிற அண்ணாச்சியே கேட்டார்.

"வேண்டாம் அண்ணாச்சி, பாத்தாலே தெரியுது." (என்ன தெரிந்தது என்பது இன்றுவரை தெரியாது.)

முத்தையாபுரம் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் குனிந்து பார்த்து, "கைப்பிள்ளையக்கூட இப்படி யாரும் கொண்டாரது இல்லையே" என்றார்.

அப்போது சாத்தான்குளம் பொன்செல்வியை எனக்குப் பேசி முடிக்கிற நேரம். பெண் பார்த்தாயிற்று. இனி பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வர வேண்டும், அது நல்லபடியாக முடிந்தால் நிச்சயம். நான் அவளை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். காபி டம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையோடுதான் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். கன்டெய்னர் நம்பரையெல்லாம் தப்புத் தப்பாக எழுதி மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இவள் இல்லையென்றால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்கிற அளவுக்கு முற்றியிருந்தது.

அவர்கள் வருவதாக இருந்தது ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை அப்பாவும் அம்மாவும் திருச்செந்தூருக்குப் போய்விட்டார்கள். வீடு என் கையில்.

பாதிச் சத்தம் ஸ்பீக்கர் பெட்டியில், மீதிச் சத்தம் அறையில் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். ஆகவே அறையைச் சரிசெய்யத் தொடங்கினேன். சுவரில் பட்டு எதிரொலிக்கக் கூடாது என்று வீட்டிலிருந்த மெத்தைகளை எல்லாம் ஹால் சுவரைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டினேன். கண்ணாடிச் சாமான்கள் அதிரும் என்று ஷோகேஸ் பொம்மைகள், முகம் பார்க்கிற கண்ணாடி, சாமி படங்கள் வரை கழற்றிப் போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். சோபா கொல்லைக்குப் போனது. பக்கத்தில் போன் இருந்தால் ஸ்பீக்கரில் டிர்ர் டிர்ர் என்று வரும், அதனால் போனை அரிசிப் பானைக்குள் புதைத்தேன். ஜன்னலை மூடினேன், வாசல் கதவைத் தாழ் போடாமல் சும்மா சாத்தினேன். இரண்டு ஸ்பீக்கருக்கும் சரி நடுவில் ஒரே ஒரு நாற்காலி. அதில் இடுப்பில் கட்டிய சாரமும் பனியனுமாக நான்.

நேரடிக் கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டேன். இருட்டில் நீல வெளிச்சம் மட்டும், அதற்குள் இரண்டு முள்ளும் மெல்ல ஆடுகின்றன. கண்ணை மூடினேன். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டன. பாடகர் மூச்சை இழுப்பது கேட்டது. வயலின் வலது பக்கம், மிருதங்கம் இடது பக்கம், நடுவில் பாட்டு அலையில்லாத கடலாகக் கிடந்தது. நான் அதில் மிதந்துகொண்டே போனேன். பக்கத்தில் பொன்செல்வியும் மிதந்து வந்தாள். அவளும் கண்ணை மூடியிருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அதுவரை இருந்ததில்லை.

இடது பக்கம், கொஞ்சம் பின்னால், யாரோ செருமினார்கள். கச்சேரிக் கூட்டத்தில் ஒரு ஆள். என்ன துல்லியம்! வலது பக்கம் வளையல் குலுங்கியது. ஒரு அம்மாள் "முருகா" என்று முனகினாள். முன்வரிசையாக இருக்கும்.

"ஆகா!" என்று கையை உயர்த்தினேன். "அப்படியே பக்கத்துல நிக்க மாதிரி இருக்கே!"

"பக்கத்துலதான் மாப்ள நிக்கோம்" என்றது இடது ஸ்பீக்கர்.

கண்ணைத் திறந்தேன். பொன்செல்வியின் அப்பா, அம்மா, தாய்மாமா சுடலைமுத்து மூன்று பேரும் மெத்தையோரமாக நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை கரிநாள் என்று கடைசி நேரத்தில் தெரிந்ததாம். என் அப்பாவிடம் போனில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார்கள். அப்பா என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்திருக்கிறார். அரிசி பதில் சொல்லவில்லை.

"சொவத்துல முட்டிக்கிடக் கூடாதுன்னு மெத்தை கட்டிருக்காவ" என்று வருங்கால அத்தை தன் கணவரின் காதில் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அறை அவ்வளவு நன்றாக அமைந்திருந்தது. "கண்ணாடிச் சாமான் ஒண்ணு வெளிய இல்ல பாத்தியளா? பெத்தவுக பிள்ளைய உள்ள போட்டுட்டுக் கோயிலுக்குப் போயிருக்காவ."

"உம்ம போன் எங்க மாப்ள?" என்றார் மாமனார், குழந்தையிடம் பேசும் குரலில்.

"அரிசிப் பானைக்குள்ள இருக்கு மாமா."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். கேட்டால் புரிந்துவிடும் என்று சுடலைமுத்து மாமாவை இழுத்து நாற்காலியில் உட்காரவைத்தேன். கண்ணை மூடச் சொன்னேன். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்ததால் இரண்டு கையாலும் பிடித்து நேராக நிறுத்தினேன். "ஆடாதீங்க மாமா, நடுவுல ஆளு தெரிவான்" என்றேன். அத்தை வாசற்படிக்குப் பின்வாங்கினாள்.

காபி போட்டுக்கொண்டு வந்தபோது ஹாலில் பாட்டு மட்டும் இருந்தது. வீடு பார்க்க வந்தவர்கள் கை நனைக்காமல் போனால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: சம்பந்தம் வேண்டாம். மூன்று டம்ளர் காபியோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். (மிகத் துல்லியமான அழுகை.)

இருட்டுவதற்குள் தகவல் வந்துவிட்டது. "பையனுக்கு வைத்தியம் பாருங்க, சம்பந்தத்த அப்புறம் பேசலாம்." கோயிலிலிருந்து திரும்பிய அம்மா சாமி படங்களைப் போர்வையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக்கொண்டே என்னைத் திட்டினாள். அப்பா திட்டவில்லை. மெத்தையை அவிழ்க்க முடிச்சுத் தெரியாமல் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தார்.

சாத்தான்குளத்தில் நடந்ததைப் பொன்செல்வி பிற்பாடு சொன்னாள். எல்லோரும் என் கதையைச் சொல்லி முடிக்கும் வரை கேட்டிருந்துவிட்டு, அவள் தாய்மாமாவிடம் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறாள். "மாமா, ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

மாமா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "கேட்டுச்சுளா. நடு ஹால்ல ஒருத்தன் நின்னு பாடுதான். கண்ணத் தொறந்தா ஆளக் காணும்" என்றாராம். வீடே அவரைக் கவலையோடு பார்த்திருக்கிறது.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணுபோலக் கேட்டா அது கிறுக்கு இல்லம்மா. நான் அவுகளயே கட்டிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போய்விட்டாளாம்.

கல்யாணம் நடந்தது. ஆனால் அத்தைக்கு மட்டும் சந்தேகம் முழுதாகத் தீரவில்லை. தலைப்பொங்கலுக்கு வந்த சீரில், கரும்பு, பானை, மஞ்சள்குலைக்கு நடுவே ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் இருந்தது. தலையில் தேய்த்துக் குளிக்க. அன்றிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் அது தவறாமல் வருகிறது. எங்கள் வீட்டில் யாரும் கடையில் எலுமிச்சம்பழம் வாங்குவதில்லை, அக்கம்பக்கத்துக்கு ஊறுகாயே போகிறது.

போன பொங்கலுக்கு இரண்டு பை வந்தது. பொன்செல்வியும் இப்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறாள் என்று சுடலைமுத்து மாமா ஊரில் போய்ச் சொல்லிவிட்டார்.