மாம்புரிக் குரங்குகளும் ஹிஷாம் மாமாவின் சிறுநீரகமும்

மாம்புரி,
வெள்ளி.

மதிப்புக்குரிய ஹிஷாம் மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சிலாபத்தில் நீங்களும் ஸஃப்னா மாமியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். இங்கே குரங்குகள் நல்ல சுகம். மற்றவர்களைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

நீங்கள் உம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போன பத்திரிகைத் துண்டில் நான் முதலில் கண்டது அதன் கீழ் விளிம்பைத்தான். மற்ற மூன்று பக்கமும் கையால் கிழித்திருந்தது. கீழ்ப்பக்கம் மட்டும் கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தது. விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆளல்லவா, சுத்தமாக வெட்டியிருக்கிறார் என்று நினைத்தேன்.

அன்று நீங்கள் கதிரையில் இருந்து விளக்கியது எனக்கு இன்னும் ஞாபகம். மனிதனுக்கும் குரங்குக்கும் ஏறத்தாழ ஒரே மரபணுக்கள்தான், எது எவ்வளவு வேலை செய்கிறது என்பதில்தான் வித்தியாசம், இரண்டு வீட்டில் ஒரே மாதிரி பல்புகள் இருந்தாலும் எரிகிறது வேறு வேறு போல. சிறுநீரகத்தில் அதை அளந்து ஒப்பிடுகிறார்கள், இனி உம்மாவுக்கு மனிதர் யாரும் சிறுநீரகம் கொடுக்கத் தேவையில்லை, குரங்கினதே போதும் என்றீர்கள். “ரெண்டு மூணு வருசம் பொறுங்க ராத்தா” என்று உம்மாவின் கையைப் பிடித்தீர்கள். பிறகு வந்த கிளினிக்குக்கு உங்களுக்குப் பரீட்சை மேற்பார்வை இருந்தது. அதற்கடுத்த கிளினிக்குக்கும் பரீட்சை. உங்கள் பாடசாலைப் பிள்ளைகள் பாவம்.

வாப்பாதான் உங்கள் கதையை முழுதாக நம்பினார். இளநீரையும் குரும்பையையும் நாசமாக்குகிற குரங்குகளுக்குத் தினமும் வெடி போடுகிறவர், அன்றோடு வெடிப் பெட்டியை அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்துவிட்டார். தென்னை மரத்தடியில் பப்பாளி வெட்டி வைக்கத் தொடங்கினார். ஒன்பதாக இருந்த கூட்டம் நாற்பதானது, குறிஞ்சிப்பிட்டியிலிருந்தும் வந்திருக்கும் போல, மிளகாய்க் கன்று ஒன்று மிச்சமில்லை, கூரை ஓடு உடைந்து குசினிக்குள் மழை. நான் கேட்டதற்கு, “தின்னட்டும் புள்ள, இதுல எது உங்க உம்மாக்கு வாய்க்குமோ” என்றார். பக்கத்து வீட்டு மபாஸா மாமி வேலியால் எட்டிப் பார்த்து, “கிட்னி வெச்சாப் பொறகு பளீலா தேங்கா புடுங்க ஆள் தேடத் தேவல்ல” என்று உம்மாவைப் பற்றிச் சொன்னா. வாப்பா ஒரு கிழமை அவவோடு கதைக்கவில்லை.

போன செவ்வாய், உம்மாவுக்கு மெஷினில் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டிருக்கும்போது வாப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டு டொக்டரிடம் போய்க் கேட்டார்: “எங்கட தோட்டத்துல நல்லாக் கொழுத்த ஒண்டு ஈக்கி டொக்டர். உசிரோட கொண்டு வரவா?” டொக்டர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நர்ஸ் அதைச் சிங்களத்தில் சொல்ல, குழாயோடு கிடந்த நோயாளிகளும் சிரித்தார்கள். உம்மாவும் சிரித்தா. வாப்பா மட்டும் தொப்பியைக் கழற்றி மடித்தார். பிறகு டொக்டர் சிரிப்பை விட்டுவிட்டுக் கேட்டார்: “இவங்கட தம்பி எங்க? பொருந்துற ஆள் அவர்தானே?”

வாப்பாவுக்குச் சீனி வருத்தம், அவர் கொடுக்க ஏலாது. நான் கொடுக்கிறேன் என்று நர்ஸிடம் மெதுவாகச் சொன்னேன். “பதினாறு வயசுல எடுக்க மாட்டாங்க மகள்” என்றார். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியது உம்மாவோடு கிளினிக்குக்கு பஸ்ஸில் போய்வரத்தான் பிரயோசனம், வேறெதற்கும் இல்லை.

அது இருக்கட்டும். மற்ற நாட்களில் நான் மீன் காயவைக்கிற கருவாட்டு வாடியில் பொதி சுற்றுகிறேன். பழைய பத்திரிகை கட்டுக் கட்டாக வரும், சுற்றுவதற்கு முன் வாசிப்பேன். நேற்று சூடைக் கருவாட்டுக்கு எடுத்த தாளில் உங்கள் செய்தி முழுதாக இருந்தது. கீழ்ப்பாதியில் எழுதியிருக்கிறது: மனிதனுக்கு வைக்கப்போவது பன்றியின் சிறுநீரகம், குரங்கு அதை முதலில் வைத்துப் பார்க்கிற பிராணி மட்டும், அதில் கண்டது மனிதனுக்கும் பொருந்துமா என்றறியத்தான் அந்த ஒப்பீடு. அந்த ஹராமான பிராணியின் பெயரை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாதென்றுதான் வெட்டினீர்கள் என்று உங்களில் எனக்கு மரியாதை கூடியது. ஆனால் அதற்குக் கீழே இன்னொரு பந்தி இருந்தது. இதெல்லாம் நடக்கப் பல வருடம் செல்லும், அதுவரை நெருங்கிய உறவினர் தருவதே நல்ல வழி என்று.

மாமா, நீங்களும் உம்மாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். நீங்கள் கெம்பஸில் படித்த காலத்தில் உம்மா இதே வாடியில் வெயிலில் நின்று மீன் வெட்டினா. பல்புகள் எல்லாம் ஒன்றுதான். உங்கள் வீட்டில் எது எரியவில்லை என்று அளக்க எனக்குப் படிப்புப் போதாது.

உம்மா அந்தத் துண்டைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறா. அஸர் தொழுகைக்குப் பிறகு வாசிக்கச் சொல்லுவா. நான் இன்னும் அந்த மேல்பாதியைத்தான் வாசிக்கிறேன், கீழ்ப்பாதி கிடைத்ததை அவவிடம் சொல்லவில்லை. இனி நீங்கள் வரத் தேவையில்லை. மாமிக்கு ஸலாம். உங்கள் இரண்டு சிறுநீரகங்களுக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்
இல்மா

பி.கு.: மாமா, வருகிற செவ்வாய் காலை ஏழரைக்குக் கிளினிக். உம்மா உங்களுக்கு இறால் ஆணம் ஆக்கி வைப்பதாகச் சொன்னா. எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. வாங்க.

இந்தப் பின்குறிப்புக்கு மேலே எழுதிய எல்லாவற்றையும் கத்தரிக்கோலால் நேராக வெட்டி எடுத்துவிட்டு, இந்தத் துண்டை மட்டும் உறையில் போட்டு ஒட்டினேன்.